அமெரிக்கால ஸ்கூல் ஷூட்டிங்: பிரச்சனை துப்பாக்கியா, மனநலமா? இங்க இருக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்க

ப்ரிஸ்கோ_ரம்யா:
எல்லாருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் வந்து இன்னும் வருஷம் திரும்பல, பொண்ணு கிண்டர்கார்டன் போறா. நேத்து சாயங்காலம் முறுக்கு கடிச்சிட்டே சொல்றா, அம்மா இன்னைக்கு லைட்டெல்லாம் ஆஃப் பண்ணிட்டு எல்லாரும் மூலைல உக்காந்தோம், மிஸ் கதவ பூட்டிட்டாங்க, என் ஷூல லைட் எரியும்ல, அத கையால பொத்திக்கோன்னு சொன்னாங்கன்னு. லாக்டவுன் டிரில்லாம், துப்பாக்கியோட யாராவது ஸ்கூலுக்குள்ள வந்தா ஒளிஞ்சுக்கற ஒத்திகை. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல.

ஸ்கூல்ல ஒருத்தன் புகுந்து சுட்ட யுவால்டி இதே டெக்சாஸ்தான், 2022ல 19 குழந்தைங்க, 2 டீச்சருங்க செத்தாங்க. நாங்க லீவு நாள்ல போற ஆலன் அவுட்லெட் மால்ல 2023ல 8 பேரு. இவ்ளோ நடந்தும் ஏன் உருப்படியா ஒரு சட்டம் போட மாட்டேங்கறாங்க? எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல, துப்பாக்கி தானா போய் சுடாது, கிறுக்குப் புடிச்சவன்தான் சுடறான், மனநலத்த சரி பண்ணுங்கன்னு சொல்றாங்களாம். நெஜமாவே அப்படித்தானா? இன்னொண்ணு, நாமளும் ஒண்ணு வாங்கி வீட்ல வெச்சுக்கலாமான்னு இவர் ஆரம்பிச்சிருக்கார். எச்1பி விசால வாங்க முடியுமா?

வெர்ஜீனியா_மாமா:
ரம்யா, இந்த "துப்பாக்கியா மனநலமா" சண்டைய நான் 2007ல இருந்து கேட்டுட்டு இருக்கேன். அந்த வருஷம் ஏப்ரல் 16, வெர்ஜீனியா டெக் யுனிவர்சிட்டில 32 பேர ஒரே காலைல சுட்டுக் கொன்னான் ஒரு மாணவன். அதுல ஒருத்தர் நம்ம கோபிசெட்டிபாளையம் பக்கத்துல பொறந்த பேராசிரியர், சிவில் இன்ஜினியரிங்ல நீரியல் நடத்திட்டு இருந்தவர், க்ளாஸ்ல பாடம் எடுத்துட்டு இருக்கும்போதே போயிட்டார்.

சுட்டவன் கதைய பாருங்க. 2005லயே கோர்ட்ல, இவனால இவன் உயிருக்கே ஆபத்து, டாக்டர்கிட்ட போய் ட்ரீட்மெண்ட் எடுக்கணும்னு உத்தரவு போட்டாச்சு. பெடரல் சட்டப்படி அப்பவே அவன் கைல துப்பாக்கி வரக்கூடாது. ஆனா வெர்ஜீனியால ஆஸ்பத்திரில அட்மிட் பண்ணச் சொன்னவங்க பேர மட்டும்தான் பேக்ரவுண்ட் செக் (துப்பாக்கி வாங்கறவன் பின்னணிய பாக்கறது) லிஸ்ட்டுக்கு அனுப்பிட்டு இருந்தாங்க, வெளில இருந்தே வந்து போய் ட்ரீட்மெண்ட் எடுன்னு சொன்னா பேர் போகாது. அவன் பாட்டுக்கு ரெண்டு பிஸ்டல லைசென்ஸ் உள்ள டீலருங்ககிட்டயே வாங்கினான், ரெண்டு தடவையும் செக் பாஸ். இத மனநலம்னு சொல்லுவீங்களா துப்பாக்கின்னு சொல்லுவீங்களா? மனசு ஒடிஞ்சவன், கோவக்காரன், எல்லாத்தையும் வெறுக்கறவன் எல்லா நாட்லயும் இருக்கான், மனநோய் இருக்கறவங்கள்ல முக்காவாசி பேர் ஒரு ஈய கூட அடிக்க மாட்டாங்க. இங்க மட்டும் 100 பேருக்கு 120 துப்பாக்கி இருக்கு, வித்தியாசம் அதான்.

சட்டம் ஏன் வரலன்னா, ஆயுதம் வெச்சுக்கற உரிமை பத்தின அரசியல் சாசனத்தோட ரெண்டாவது திருத்தம் 1791ல வந்தது, அது தனி மனுஷனோட உரிமைதான்னு சுப்ரீம் கோர்ட் 2008ல அடிச்சுச் சொல்லிடுச்சு. அதுக்கு மேல செனட், அதாவது பார்லிமெண்ட் மேல்சபை. சாண்டி ஹூக் ஸ்கூல்ல 20 சின்னக் குழந்தைங்க செத்த பிறகு, துப்பாக்கிக் கண்காட்சிலயும் ஆன்லைன்லயும் விக்கறதுக்கும் செக் வேணும்னு 2013ல ஒரு திருத்தம் வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. ஜெயிக்க 60 வேணும், அதனால தோத்துடுச்சு. யுவால்டிக்கு அப்புறம் 2022ல வந்த சட்டம்தான் ரொம்ப வருஷம் கழிச்சு தேறினது, 21 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு செக் கொஞ்சம் கூடுதலா பாப்பாங்க, அது மாதிரி சில விஷயம்தான். 18 வயசு ஆன உடனே ரைஃபிள் வாங்கலாம்ங்கறது அப்படியே இருக்கு, யுவால்டில சுட்டவன் அப்படித்தான் வாங்கினான்.

டெக்சாஸ்_தம்பி:
மாமா சொல்ற வெர்ஜீனியா கதைலயே பதில் இருக்கு, சட்டம் ஏற்கனவே இருந்துச்சு, பேர அனுப்பல. 2017ல இங்க சதர்லாண்ட் ஸ்பிரிங்ஸ் சர்ச்ல 26 பேர் செத்தாங்களே, அதுவும் அதே கூத்துதான். அவன் பொண்டாட்டி புள்ளைய அடிச்சு ஏர்ஃபோர்ஸ்ல தண்டனை வாங்கினவன், அத செக் லிஸ்ட்டுக்காக எஃப்பிஐக்கு சொல்ல வேண்டிய ஏர்ஃபோர்ஸ் சொல்லல. அன்னைக்கு அவன எதுத்து சுட்டு ஓட விட்டது சர்ச்சுக்கு பக்கத்து வீட்டுக்காரர், அவர் கைலயும் ஏஆர்-15 ரைஃபிள்தான். யுவால்டில போலீஸ் 77 நிமிஷம் காரிடார்ல நின்னுட்டு இருந்தாங்க, உள்ள குழந்தைங்க 911க்கு (அவசர உதவி நம்பர்) போன் பண்ணிட்டு இருக்கு. அந்த போலீஸ நம்பி நான் என் துப்பாக்கிய குடுத்துடணுமா?

நான் சிட்டிசன் ஆன அப்புறம் ஒரு பிஸ்டல் வாங்கினேன், ரேஞ்சுக்கு போறேன், வீட்ல சேஃப்ல இருக்கு. ரம்யா அக்கா, எச்1பில பொதுவா வாங்க முடியாது, ஆனா வேட்டை லைசென்ஸ் வெச்சிருந்தா விதிவிலக்கு உண்டு. வால்மார்ட்ல கூட அந்த லைசென்ஸ் எடுக்கலாம். சிரிக்காதீங்க, சட்டம் அப்படித்தான் இருக்கு. ஆனா பயத்துல வாங்காதீங்க, சின்ன வயசு பொண்ணு இருக்கற வீடு, ஓட்டத் தெரியாதவன் கார் வாங்கி வாசல்ல நிறுத்தின மாதிரி ஆயிடும்.

ஸ்காபரோ_சுதன்:
நான் கனடாவில இருக்கிறன். இங்க துவக்கு வாங்க முதல்ல கோர்ஸ் செய்து லைசென்ஸ் எடுக்கோணும், முதல்தரம் எடுக்கிற ஆள் குறைஞ்சது 28 நாள் காத்திருக்கோணும், உங்களைத் தெரிஞ்ச ஆக்களின்ர பேர் குடுக்கோணும், கூட வாழுற ஆளுக்கும் தெரியாமல் எடுக்க ஏலாது. அதுக்காக இங்க ஒண்டும் நடக்கேல்ல எண்டு நான் சொல்ல மாட்டன். 2020ல நோவா ஸ்கோஷியாவில 22 பேரைக் கொன்றவனிட்ட லைசென்ஸே இல்லை, துவக்கு கனக்க அமெரிக்காவில இருந்து கடத்தினது. ஒஸ்ரேலியாவை எல்லாரும் உதாரணம் காட்டுவினம், 1996ல போர்ட் ஆர்தரில 35 பேர் செத்தாப்பிறகு ஆறரை லட்சம் துவக்கு அரசாங்கம் காசு குடுத்து வாங்கி அழிச்சது, உண்மைதான், அதுக்குப் பிறகு அந்த அளவில நடக்கிறது நல்லாக் குறைஞ்சது. ஆனா 2025 டிசம்பரில பொண்டாய் பீச்சில 15 பேர். தகப்பனும் மகனும், தகப்பனிட்ட லைசென்ஸ் இருந்தது. தம்பி, சட்டம் போட்டா பூச்சியம் ஆகும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. எவ்வளவு குறையும் எண்டதுதான் கதை.

மிச்சிகன்_நர்ஸ்:
எல்லாரும் செனட், சுப்ரீம் கோர்ட்னு போயிட்டீங்க. ரம்யாம்மா கேட்டது அவங்க பொண்ணப் பத்தி, அதனால நான் எங்க ஊர் கேஸ சொல்றேன். ஆக்ஸ்போர்டு ஹைஸ்கூல், 2021 நவம்பர் 30. பையனுக்கு 15 வயசு. நாலு நாள் முன்னாடி பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி விற்பனை அன்னைக்கு அப்பா கூட்டிட்டுப் போய் பிஸ்டல் வாங்கினார். க்ளாஸ்ல போன்ல தோட்டா தேடினான்னு ஸ்கூல்ல இருந்து சொன்னதுக்கு, எனக்கு கோவம் இல்ல, மாட்டிக்காம இருக்க கத்துக்கோன்னு அம்மா மெசேஜ் அனுப்பறாங்க. மறுநாள் காலைல கணக்கு ஒர்க்‌ஷீட்ல துப்பாக்கி படம் வரைஞ்சு, இந்த எண்ணம் நிக்க மாட்டேங்குது, எனக்கு உதவி பண்ணுங்கன்னு எழுதி வெச்சிருக்கான். அப்பா அம்மாவ கூப்பிட்டுக் காட்டினாங்க. வீட்டுக்கு கூட்டிட்டுப் போக மாட்டோம்னு வேலைக்கு கிளம்பிட்டாங்க, பையத் திறந்து யாருமே பாக்கல, பைக்குள்ளதான் அது இருந்தது. மதியம் நாலு பசங்க போச்சு. 2024ல அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் தனித்தனியா 10 முதல் 15 வருஷம் ஜெயில். ஸ்கூல் ஷூட்டிங்குக்காக பெத்தவங்களுக்கே, அலட்சியத்தால உயிர் போகக் காரணமானதுக்கான தண்டனை அமெரிக்கால அதுவரைக்கும் கிடையாது.

ஸ்கூல்ல சுடறவங்கள்ல முக்காவாசி பேருக்கு துப்பாக்கி கெடைக்கறது சொந்த வீட்லயோ சொந்தக்காரங்க வீட்லயோதான், ஜனாதிபதிக்கு பாதுகாப்பு குடுக்கற சீக்ரட் சர்வீஸே ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. அதோட பெரும்பாலும் யார்கிட்டயாவது முன்னாடியே சொல்லியும் இருக்காங்க. எமர்ஜென்சில வேலை பாக்கறவ நான், சொல்றேன் கேளுங்க, இந்த நாட்ல துப்பாக்கில சாகறவங்கள்ல பாதிக்கு மேல தற்கொலை. டிவில வராது. அதுக்கும் இதே பூட்டாத டிராயர்தான். எங்க ஊர்ல 2023ல பூட்டி வைக்கணும்னு சட்டம் போட்டாச்சு, ஒருத்தர் ஆபத்தா தெரிஞ்சா கோர்ட் மூலமா துப்பாக்கிய எடுத்து வைக்கற சட்டமும் வந்தாச்சு.

டெக்சாஸ்_தம்பி:
நர்ஸக்கா, பூட்டி வைக்கறதுக்கு நான் எதிரி இல்ல. டெக்சாஸ்லயே 17 வயசுக்கு கீழ உள்ள பசங்க கைக்கு எட்டற மாதிரி லோடட் துப்பாக்கி வெச்சா குற்றம்தான். ஆனா அந்த கோர்ட் சமாச்சாரம் வேண்டாம், எவனோ பக்கத்து வீட்டுக்காரன் கோவத்துல எழுதிப் போட்டா நான் ஏன் குடுக்கணும்?

வெர்ஜீனியா_மாமா:
கோர்ட்டுக்கு போய் ஆதாரம் காட்டணும் தம்பி, சும்மா எழுதிப் போட முடியாது. பார்க்லாண்ட் ஸ்கூல்ல 17 பேர் செத்த அடுத்த மாசமே ஃப்ளோரிடால அந்த சட்டம் போட்டாங்க, கையெழுத்து போட்டது குடியரசுக் கட்சி கவர்னர்.

ப்ரிஸ்கோ_ரம்யா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். வேட்டை லைசென்ஸ் விஷயத்த இவர்கிட்ட சொல்லவே போறதில்ல, அது தெரிஞ்சா அடுத்த வாரமே கிளம்பிடுவார். நர்ஸக்கா, பொண்ணு ஃப்ரெண்டு வீட்டுக்கு விளையாட போகும்போது, உங்க வீட்ல துப்பாக்கி இருக்கா பூட்டி இருக்கான்னு வெள்ளக்காரங்ககிட்ட எப்படிங்க கேக்கறது? அசிங்கமா நெனைக்க மாட்டாங்களா?

மிச்சிகன்_நர்ஸ்:
நட்ஸ் அலர்ஜி இருக்கு, நாய் இருக்கான்னு மெசேஜ் போடுவீங்கல்ல, அதே மெசேஜ்ல மூணாவதா கேளுங்க. நேர்ல வேண்டாம்.

டெக்சாஸ்_தம்பி:
கேளுங்க அக்கா, இங்க யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஒழுங்கா வெச்சிருக்கறவன் சேஃப திறந்தே காட்டுவான், அரை மணி நேரம் அத பத்தியே பேசுவான், அதுக்கு மட்டும் தயாரா போங்க. முகம் சுளிச்சா அந்த வீட்டுக்கு அனுப்பாதீங்க.