விற்பனைக்கு முதல் நாள் எடுத்த எம்.ஓ.டி. சான்றிதழை நம்பலாமா?

ஹாரோவாசி:
அனைவருக்கும் வணக்கம். பதினாறு நாட்களுக்கு முன்பு, மேற்கு லண்டனில் உள்ள ஒரு பழைய கார் விற்பனை நிலையத்தில் 2013ஆம் ஆண்டுக் கார் ஒன்றை 4,600 பவுண் கொடுத்து வாங்கினேன். பணம் செலுத்துவதற்கு முதல் நாள்தான் அவர்களுடைய சொந்த கராஜிலேயே எம்.ஓ.டி. என்ற, ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வாகனப் பாதுகாப்புச் சோதனையைச் செய்து, கவனக் குறிப்பு (தேறினாலும் கவனிக்க வேண்டிய குறையைச் சொல்லும் குறிப்பு) ஒன்றுகூட இல்லாத சான்றிதழைக் கையில் தந்தார்கள். பின்சக்கரப் பக்கத்திலிருந்து சத்தம் கேட்டதால் நேற்று வேறொரு கராஜில் காட்டினேன். பின்புற பிரேக் குழாய்கள் துருவேறி அரித்துப்போயிருப்பதாகவும், ஒரு டயரின் உட்புறம் சட்டம் கோரும் 1.6 மில்லிமீற்றருக்குக் கீழே தேய்ந்திருப்பதாகவும், அடிப்பகுதியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடிக்கப்பட்டிருப்பதாகவும் எழுதித் தந்தார்கள். அரசு இணையத்தளத்தில் பழைய பதிவுகளைத் தேடியபோது, சென்ற ஆண்டு வேறொரு கராஜில் நடந்த சோதனையிலேயே அதே பிரேக் குழாய்களைப் பற்றிக் கவனக் குறிப்பு எழுதப்பட்டிருந்தது. விற்றவரைக் கேட்டால், "எம்.ஓ.டி. தேறிய வாகனம், இனி அது உங்கள் பொறுப்பு" என்கிறார். என் மனைவி இரண்டு பிள்ளைகளையும் இந்தக் காரில்தான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

ஈஸ்ட்ஹாம் வியாபாரி:
தம்பி, நானும் பல ஆண்டுகளாகப் பழைய வாகனம் விற்று வாழ்பவன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு ஓடிய ஒரு வாகனத்தில், குளிர்காலம்தோறும் சாலையில் உப்புத் தூவும் இந்த நாட்டில், துரு இல்லாமலிருக்க வழியில்லை. சோதித்த நாளில், சோதகரின் கண்ணுக்கு, வாகனம் குறைந்தபட்ச அளவை எட்டியிருந்தது என்பதற்கு மேல் எம்.ஓ.டி. எதையும் உறுதிப்படுத்துவதில்லை. பிரேக் குழாய் மாற்றுவது பெரிய வேலையும் அல்ல. அந்தச் செலவில் பாதியை விற்றவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, மீதியை நீங்களே போட்டுத் திருத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். சண்டைக்குப் போனால் மாதக்கணக்கில் இழுபடும்.

பட்டறைச் சோதகர்:
நான் எம்.ஓ.டி. சோதகராக வேலை செய்கிறேன். இதில் கலந்துபோயிருக்கும் இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சோதகர் எந்தப் பாகத்தையும் கழற்றிப் பார்க்க அனுமதி இல்லை. பிளாஸ்டிக் மூடிக்கும் கறுப்புப் பூச்சுக்கும் பின்னால் இருக்கும் துருவை அவர் தவறவிட்டிருந்தால் அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. ஆனால் வெளியே தெரியும் பிரேக் குழாய் அப்படியல்ல. குழாய்ச் சுவரின் தடிப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால் தேறாது என்பது எங்கள் கையேட்டில் உள்ள அளவுகோல். சந்தேகம் வந்தால் மெதுவாகச் சுரண்டிப் பார்க்கவும் இடமுண்டு. அந்த எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறதா, தாண்டிவிட்டதா என்பதில் இரண்டு நேர்மையான சோதகர்களுக்குள் கருத்து வேறுபாடு வரலாம். கவனக் குறிப்புகூட எழுதாமல் விட்டதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஓராண்டுக்கு முன்பு துருப்பிடித்திருந்த குழாய், மாற்றப்படாமல் தானாகச் சுத்தமாகிவிடாது. டயரின் உட்புறமும் வாகனத்தைத் தூக்கிவைத்துப் பார்க்கும்போது தெளிவாகத் தெரியும் இடம்தான்.

ஹாரோவாசி அண்ணா, தேறியிருக்கக் கூடாத வாகனம் தேறிவிட்டது என்று டி.வி.எஸ்.ஏ. என்ற அரசு முகமையிடம் முறைப்பாடு செய்ய வி.டி.17 என்ற படிவம் இருக்கிறது. துரு சம்பந்தமான குறைகளுக்குச் சோதனை நாளிலிருந்து மூன்று மாதமும், மற்றக் குறைகளுக்கு 28 நாட்களும் அவகாசம். டயரையும் சேர்த்து எழுத வேண்டுமானால் 28 நாள் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். அதுவரை எதையும் திருத்தாதீர்கள். பழைய குழாயைக் கழற்றிவிட்டால் காட்டுவதற்குச் சான்றே இருக்காது.

குரோய்டன் அக்கா:
சோதகர் தம்பி சொன்னது சரி, ஆனால் டி.வி.எஸ்.ஏ. அந்தக் கராஜின் மீது நடவடிக்கை எடுக்குமே தவிர, உங்கள் 4,600 பவுணை வாங்கித் தராது. பணத்துக்கான வழி 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம். வியாபாரியிடம் வாங்கிய பொருள் திருப்தியான தரத்தில் இல்லாவிட்டால், 30 நாட்களுக்குள் அதை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். எம்.ஓ.டி. தேறியதா என்பதும், தரம் திருப்தியானதா என்பதும் சட்டத்தில் இரண்டு வெவ்வேறு கேள்விகள். விற்றவர் முதலாவதற்கான பதிலைக் காட்டி இரண்டாவதை மூடப் பார்க்கிறார். அது போக, சாலையில் ஓட்டத் தகாத நிலையில் ஒரு வாகனத்தை விற்பதே 1988ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

உங்களுக்கு இன்னும் பதினான்கு நாட்கள் இருக்கின்றன. தொலைபேசியில் பேசி நாட்களை வீணாக்காமல், "இந்த வாகனத்தை நிராகரிக்கிறேன், பணத்தைத் திருப்பித் தரவும்" என்று தெளிவான சொற்களில் மின்னஞ்சல் அனுப்புங்கள். கிரெடிட் கார்டில் பணம் கட்டியிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின்படி அட்டை வழங்கிய வங்கியிடமும் கேட்கலாம்.

ஈஸ்ட்ஹாம் வியாபாரி:
அக்கா, அதே சட்டம் தரத்தை மதிப்பிடும்போது விலையையும் பொருளின் விவரிப்பையும் பார்க்கச் சொல்கிறதே! 4,600 பவுணுக்குப் புதிய காரின் தரத்தை எதிர்பார்க்க முடியாது. முதல் 30 நாட்களில் நிராகரிப்பவர், குறை வாங்கும்போதே இருந்தது என்று நிரூபிக்கவும் வேண்டும்.

குரோய்டன் அக்கா:
உண்மை, தேய்மானத்தைப் பற்றிய உங்கள் வாதத்தை நான் மறுக்கவில்லை. இருக்கை கிழிந்திருக்கிறது, கிளட்ச் தளர்ந்திருக்கிறது என்று அவர் வந்திருந்தால் நானும் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். ஆனால் எவ்வளவு மலிவான வாகனமாக இருந்தாலும் பிரேக் பிடிக்க வேண்டும். சட்டம் பாதுகாப்பையும் தரத்தின் ஒரு கூறாகத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நிரூபிப்பதும் இங்கே கடினமில்லை: குழாய் இந்த அளவுக்கு அரிக்கப் பல ஆண்டுகள் ஆகும், பதினாறு நாட்கள் போதாது. சென்ற ஆண்டுக் குறிப்பும் கையில் இருக்கிறது.

ஹாரோவாசி:
இன்று காலை விற்றவர் அழைத்து, "கொண்டு வாருங்கள், எங்கள் கராஜிலேயே இலவசமாகத் திருத்தித் தருகிறோம்" என்றார். ஒத்துக்கொண்டால் என் உரிமை போய்விடுமா?

குரோய்டன் அக்கா:
போகாது. திருத்தத்துக்கு ஒத்துக்கொண்டால், திருத்தி முடியும்வரை அந்த 30 நாள் கணக்கு ஓடாமல் நிற்கும். வாகனம் திரும்பி வந்த பிறகும் குறை இருந்தால் குறைந்தது 7 நாட்களாவது உங்களுக்கு மிஞ்சும். ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. முதல் 30 நாட்களில் நேரடியாக நிராகரிக்கலாம். அதன் பிறகுதான் விற்றவருக்குத் திருத்த ஒரு வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும்.

பட்டறைச் சோதகர்:
குறையைக் காணாத அதே கராஜ், அதே குறையைத் திருத்தித் தருவதாகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள் அண்ணா. செல்லுபடியாகும் எம்.ஓ.டி. கையில் இருந்தாலும், ஆபத்தான நிலையில் உள்ள வாகனத்தை ஓட்டினால் 2,500 பவுண் வரை தண்டமும் ஓட்டுநர் உரிமத்தில் மூன்று தண்டனைப் புள்ளிகளும் ஓட்டியவருக்குத்தான். அறிக்கையை வாசித்துவிட்டீர்கள், இனி அந்தக் காரைச் சாலையில் இறக்காதீர்கள்.

ஈஸ்ட்ஹாம் வியாபாரி:
நான் இன்னும் திருத்திக்கொள்வதே விரைவான வழி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஓட்டாமல் நிறுத்திவைக்கச் சொல்வதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. குழாய் உடைந்துவிட்டால் பிரேக் மிதி தரைவரை இறங்கிவிடும். அப்படி நடந்த ஒரு வாகனத்தை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஹாரோவாசி:
நிராகரிப்புக் கடிதத்தை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் இன்று மாலை அனுப்பிவிட்டேன். புதிய கராஜின் அறிக்கையையும், குழாயின் படங்களையும், சென்ற ஆண்டுச் சோதனைப் பதிவையும் இணைத்திருக்கிறேன். வி.டி.17 படிவத்தை நாளை அனுப்புவேன். கார் வீட்டு முற்றத்தில் நிற்கிறது, திறப்பை நானே எடுத்து வைத்துக்கொண்டேன். இந்தச் சனிக்கிழமை பிள்ளைகள் பேருந்தில் போவார்கள்.