அப்டேட்: ஆர்பிஎன் (ரிஸ்க் ஸ்கோர்) 72 பஞ்சாயத்து முடிஞ்சுது

பிரேக் ஹோஸ் அசெம்ப்ளி லைன்ல வாஷர் போடாம விட்டுப்போகுது, எஃப்எம்இஏல (எங்க என்ன தப்பு நடக்கலாம்னு முன்கூட்டியே அலசுற ஷீட்) ஆர்பிஎன் 72 தான், 100க்கு கீழங்கறதால ஆக்‌ஷன் வேணாம்னு டீம்ல சொல்றாங்கனு புலம்பியிருந்தேன்ல. 2019 ஏஐஏஜி-விடிஏ (அமெரிக்க, ஜெர்மன் வாகனத் தொழில் அமைப்புகள்) எஃப்எம்இஏ ஹேண்ட்புக் எடுத்துப் பாத்தோம், அதுல ஆர்பிஎன்னையே தூக்கிட்டு ஆக்‌ஷன் பிரையாரிட்டி (எதுக்கு முதல்ல நடவடிக்கை எடுக்கணும்) டேபிள் வச்சிருக்காங்க, நம்ம சிவியாரிட்டி (விளைவு எவ்ளோ மோசம்) 9, அக்கரன்ஸ் (எவ்ளோ அடிக்கடி நடக்கும்) 4, டிடெக்‌ஷன் 2 (கண்டுபிடிக்கிறது எவ்ளோ கஷ்டம்) போட்டா நேரா 'ஹை'ன்னு வருது! பிரேக் போற மேட்டரை இந்த மூணு நம்பரையும் பெருக்கி 72ன்னு காட்டி மூடப் பாத்தாங்க, என்ன கணக்கோ. இப்ப பார்ட்டைப் பிடிச்சு வைக்கிற ஃபிக்ஸ்ச்சர்ல சென்சர் வச்சாச்சு, வாஷர் இல்லனா போல்ட் முடுக்குற டார்க் கன் ஓடாது. அக்கரன்ஸ் குறைஞ்சிருச்சு, ஆனா சிவியாரிட்டி 9 அப்படியேதான் இருக்கும், டிசைனை மாத்தாம அது இறங்காதுனு மேனேஜருக்கு வெளக்கி வெளக்கி வாய் வலிக்குது. அடுத்து ஓ-ரிங் (கசிவைத் தடுக்குற ரப்பர் வளையம்) போடுற ஸ்டேஷன்.