இழைப்பு முற்றுவதற்கு முன்பே தெரிந்துவிடும்

அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை, கூடவே சிகரெட். சிகரெட்டை விட்டுப் பல வருடமாகிறது. ஆனாலும் கெட்ட நுரையீரல் பழையபடி ஆவதில்லை. இந்த நோய் உள்ளவர்களுக்கு அவ்வப்போது இழைப்பு முற்றிப்போகும். எங்கள் அனுபவத்தில் அது பெரும்பாலும் ஓரிரு நாள் முன்பே அடையாளம் காட்டிவிடுகிறது. அதைப் பார்க்க வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்.

அப்பாவைக் கேட்டுப் பயனில்லை. “எப்படிப்பா இருக்கு?” என்றால், “ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்” என்பார், மூச்சு வாங்கிக்கொண்டே. அதனால் காலையில் சளியை வெள்ளை டிஷ்யூவில் துப்பச் சொல்லிப் பார்க்கிறேன். வழக்கமான வெள்ளைச் சளி மஞ்சளாகி, பச்சையாகிக் கெட்டிப்பட்டால், அளவும் கூடினால், அன்றே உஷாராகிவிடுவேன். அப்புறம் மூச்சுக்குழாயை விரிக்கும் அந்த நீல நிற வென்டோலின் பம்ப். வழக்கத்தைவிட அடிக்கடி கை அதைத் தேடுகிறதா? லிஃப்ட்டிலிருந்து வீட்டுக் கதவுக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்து நிற்கிறாரா? படுக்கத் தலையணை கூடுதலாகக் கேட்கிறாரா? இவைதான் எங்களுக்குக் கணக்கு.

அப்படி ஆனால் என்ன செய்வது என்று இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் எழுதிக் கொடுத்த தாள் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. வென்டோலினை ஸ்பேஸர் (பம்ப்போடு மாட்டும் பிளாஸ்டிக் குழாய்) வழியாக, ஒவ்வொரு பஃபாக, நிதானமாக இழுக்க வேண்டும். ஸ்பேஸர் இல்லாமல் அடித்தால் பாதிக்கு மேல் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தினமும் 40 மில்லிகிராம், 5 நாள். சளி நிறம் மாறியிருந்தால் ஆண்டிபயாடிக். இது அப்பாவுக்கென்று டாக்டர் எழுதியது. மற்றவர்கள் தங்கள் டாக்டரிடம் இப்படி ஒரு தாள் கேட்டு வாங்குங்கள், தயங்க வேண்டாம்.

ஒருமுறை வார்டில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதம் என்று காட்டியது. சித்தப்பா பதறிப்போய், “ஆக்சிஜனைக் கூட்டி வைங்க, 100 வர வேணாமா?” என்று சண்டைக்கே போய்விட்டார். தாதி பொறுமையாக விளக்கினார்: இந்த நோயில் பொதுவாக 88 முதல் 92 வரை இருந்தாலே போதும். தேவைக்கு மேல் கொடுத்தால் சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி, தூக்கக் கலக்கம், மயக்கம் வரை போகுமாம். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். பாசத்தில் குமிழைத் திருகிவிடாதீர்கள்.

புகைதான் எங்களுக்குப் பெரிய எதிரி. 2013 ஜூனில் புகைமூட்டக் குறியீடு 401 வரை ஏறியபோது ஊரே இருமியது. அப்பாவுக்கு இப்போது 100ஐத் தாண்டினாலே போதும், சன்னலைச் சாத்திவிட்டு வீட்டோடு இருக்க வேண்டும். சீனர்களின் ஏழாம் மாதத்தில் புளோக்கின் கீழே காகிதம் எரிக்கும் மாலைகளிலும் அப்படித்தான். அம்மா வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்திவிட்டார். விளக்கு மட்டும். அம்மாவுக்கு அது சுலபமாக இல்லை, எனக்குத் தெரியும். சளிக்காய்ச்சல் தடுப்பூசியை வருடாவருடம் போடுகிறோம், நிமோனியாவுக்கும் போட்டாயிற்று.

மூச்சு முட்டும்போது பதற்றம் இன்னும் மோசமாக்கும். எதிரே உட்கார்ந்து நானும் அவரோடு சேர்ந்து மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதுவேன். இழுப்பதைவிட ஊதுவது நீளமாக இருக்க வேண்டும். முன்னால் சாய்ந்து மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் இன்னும் எளிது.

ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, பேச்சு குழறுகிறது அல்லது எழுப்பினாலும் கண் செருகுகிறது என்றால் தாளைப் படித்துக்கொண்டிருக்க நேரமில்லை. டாக்ஸி தேட வேண்டாம், நேராக ஆம்புலன்ஸுக்கு 995. மருந்துப் பட்டியலையும் கடைசியாக வார்டிலிருந்து தந்த கடிதத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.