புதுப்பிப்பு: நான்கு நாள் துபாய், கை கடிக்காமல் போய் வந்தோம்

துபாயில் கம்மி செலவில் எங்கே தங்குவது, எப்படிச் சுற்றுவது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"செலவு அதிகமான மரீனா பக்கம் போகாதீங்க, பழைய நகரப் பகுதியான தேராவில் யூனியன் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் ரூம் எடுங்க" என்று ஒரு அண்ணன் சொன்னாரே, அதுதான் எங்களைக் காப்பாற்றியது. சிவப்பு, பச்சை இரண்டு மெட்ரோ பாதைகளும் அங்கே சந்திக்கின்றன, அதனால் சில்வர் நோல் கார்டை (மெட்ரோ, பஸ்ஸுக்கான ப்ரீபெய்டு கார்டு) வைத்தே ஊர் முழுக்கப் போக முடிந்தது. ஒரு பயணத்துக்கு 3 முதல் 7.5 திர்ஹாம் வரைதான். டாக்ஸியே எடுக்கவில்லை. கூடுதல் கட்டணம் உள்ள தங்க வகுப்புப் (கோல்ட் கிளாஸ்) பெட்டியில் மட்டும் சில்வர் கார்டோடு ஏறிவிடாதீர்கள், அபராதம் 100 திர்ஹாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அப்ரா படகு. ஒரே ஒரு திர்ஹாம், சில்லறையாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்கால வெயிலில் தேராவிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் பர் துபாய்க்கு, ஊருக்குள் வரும் கடல் கழியான க்ரீக்கைக் கடந்த அந்தச் சில நிமிடங்களுக்காகவே மூன்று தடவை போய் வந்தோம். புர்ஜ் கலீஃபா மேலே ஏறவில்லை, கீழே நின்று இலவசமாக நீரூற்று பார்த்தோம். மெட்ரோவிலிருந்து துபாய் மாலுக்கு நடைபாலம் நீளம், குழந்தைகளோடு போனால் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்பாராத செலவு ஒன்று: ஓட்டலைக் காலி செய்யும்போது 'டூரிசம் திர்ஹாம்' என்ற சுற்றுலாக் கட்டணத்தைத் தனியாகக் கேட்டார்கள். ஓட்டலின் தரத்தைப் பொறுத்து ஒரு அறைக்கு, ஒரு இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம். முன்பதிவில் காட்டிய தொகையில் எங்களுக்கு அது சேரவில்லை, அதனால் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.