பொலிஸ் நாய்க்கு வயது போனால் மருந்துக் காசு யார் தலையில்?

குளக்கட்டு (கிளிநொச்சி):
அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2022இல் ஒரு சட்டம் வந்தது. பொதுவாக ஐந்து வருடமாவது வேலை செய்து ஓய்வு பெற்ற பொலிஸ் நாய்க்கு, வைத்தியச் செலவில் வருடத்துக்கு 1,500 டொலர் வரை அரசு திருப்பிக் கொடுக்கும். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம்ஷயர் பொலிஸ் 2013இலேயே வருடம் 500 பவுண் வரை, மூன்று வருடத்துக்குக் கொடுக்க முடிவெடுத்தது. எங்கள் நாட்டுப் பொலிஸ் நாய்ப் பிரிவும் 1948இலேயே தொடங்கியது, இப்போது அதன் தலைமையிடம் கண்டி அஸ்கிரியவில். இங்கேயும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்பது என் கருத்து. அடிக்க வருகிறவர்கள் வரிசையில் வாருங்கள்.

ஒட்டுசுட்டான் ஆள்:
முதல் அடி என்னுடையது. 2009 மாசியில் எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. செயற்கைக் கால் தேய்ந்து, உரசி உரசிப் புண். புதிது கேட்டு ஒரு அலுவலகத்துக்கு நாலு தரம் பஸ் ஏறிவிட்டேன். நாலு தரமும் "அடுத்த மாதம் வாங்கோ". இதற்குள் நாய்க்கு இடுப்பு எக்ஸ்ரேயா?

முறிகண்டிக்காரி:
அண்ணை, உங்களுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் அந்தக் காசை நாய் தின்னவில்லையே. நான் ஆறு வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவள். டிடெக்டர் சன்னத்துக்கும் கத்தும், மீன் ரின்னுக்கும் கத்தும். கத்தும் இடமெல்லாம் வெயிலில் முழங்காலில் நின்று மண்ணைச் சுரண்ட வேண்டும். நாய் இரும்பைத் திரும்பியும் பார்க்காது. வெடிமருந்து மணத்தால் மட்டும் அந்த இடத்தில் பேசாமல் குந்திவிடும். எங்கள் வயல் திரும்பக் கிடைத்ததில் அதற்கும் பங்கு இருக்கிறது.

ஒட்டுசுட்டான் ஆள்:
தங்கச்சி, அது கண்ணிவெடி நாய். இங்கே கேள்வி பொலிஸ் நாய் பற்றி. சோதனைச் சாவடியில் என் உரப்பையை மோந்து பார்த்ததற்கு நான் பென்சன் கட்டவா?

முறிகண்டிக்காரி:
சரி, இரண்டையும் கலந்துவிட்டேன். ஆனாலும் சாவடி போட்டது நாய் இல்லை, அண்ணை.

மாட்டு ஊசி:
நான் மிருக வைத்திய அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஜேர்மன் ஷெப்பர்ட் நாய்க்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருகிற ஒன்று. பாய்ந்து பாய்ந்து வேலை செய்த நாய்க்கு வயது போனால் எழும்பவே கஷ்டம். கடித்துப் பிடிக்கப் பழக்கிய நாய்க்குப் பல்லும் முறிந்திருக்கும். செலவு கூடுவது அந்தக் கடைசி இரண்டு மூன்று வருடத்தில்தான். புளோரிடாவில் சிக்கல் எங்கே வந்தது என்றால், வேலையில் இருக்கும்வரை பில் அரசுக்கு. ஓய்வு பெற்றதும் நாய் பெரும்பாலும் அதை வைத்திருந்த பொலிஸ்காரரின் வீட்டுக்குப் போகிறது, பில்லும் பின்னாலேயே போகிறது. ஆகவே இது நாய்க்குப் போடும் பிச்சை என்று பார்க்காதீர்கள். ஒரு கான்ஸ்டபிளின் சம்பளத்தில் அரசு ஏற்றிவிட்ட செலவு.

கணக்குப்பிள்ளை (வவுனியா):
யார் அவரை நாயை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னது? 2022இல் ஆஸ்பத்திரிகளில் மருந்தில்லாமல் சத்திரசிகிச்சையைத் தள்ளிவைத்த நாடு இது. புது உதவித்திட்டம் என்றாலே எனக்குப் பயம், தொடங்குவது சுகம், நிறுத்த ஏலாது. ஒன்று செய்யலாம். உழவு இயந்திரம் எடுக்கும்போது டயருக்கும் சேர்த்துத்தானே கணக்குப் போடுகிறோம்? நாயை வாங்கும்போதே கடைசிக்கால மருந்துக்கும் ஒதுக்கட்டும். அந்தக் காசு இல்லையென்றால் நாய் வாங்காதே.

குளக்கட்டு:
அண்ணை, நான் கேட்டதும் அதுதானே!

கணக்குப்பிள்ளை:
இல்லை. நீர் கேட்டது வருடாவருடம் வரிக்காசு. நான் சொல்வது பொலிஸ் தன் கொள்வனவுக் காசிலேயே ஒதுக்குவது. நாயைக் குறைத்து வாங்கினால் போதும்.

மாட்டு ஊசி:
அதுவும் வரிக்காசுதான் அண்ணை. விசர்நாய்த் தடுப்பூசியை ஊர் நாய்களுக்கு அரசு இலவசமாகப் போடுகிறது, அதை யாரும் கேட்பதில்லை.

ஒட்டுசுட்டான் ஆள்:
அது மனுசனைக் காப்பாற்றப் போடுவது, தம்பி. என் கணக்கு மாறவில்லை. என் காலுக்கு ஒரு திகதி சொல்லட்டும், அப்புறம் நாய்க்குக் கைதூக்குகிறேன்.

அது கிடக்கட்டும். என் வீட்டுக் கிழடு மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, பல் முரசு வெளிறிக் கிடக்கிறது. உண்ணிக் காய்ச்சலா?

மாட்டு ஊசி:
இருக்கலாம். இரத்தம் பார்த்துத்தான் சொல்லலாம். நாளைக் காலையிலேயே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள், அண்ணை. பிந்த வேண்டாம்.