கையில் பிரஷர் நோமல், ஆனால் அம்மாவின் இருதயம் பெருத்திருக்கிறதாம்

கொடிகாமம் மகள்:
அம்மாவுக்கு 68 வயது. பொச்சுமட்டையும் பாளையும் எரித்தே காலமெல்லாம் சமைத்தவர். நெடுநாளாக இழைப்பு, இப்போது கிணற்றடிக்குப் போய் வரவே களைக்கிறது. பின்னேரத்தில் செருப்பு வார் பதிந்த தடம் காலில் அப்படியே நிற்கிறது. கையில் பிரஷர் 120/80. எக்கோ (இருதய ஸ்கான்) பார்த்த வைத்தியர், நுரையீரலில் பிரஷர் கூட, அதனால் இருதயத்தின் வலப்பக்கம் பெருத்துவிட்டது என்கிறார். நுரையீரல் வருத்தத்துக்கு இருதயமும் காலும் ஏன் வீங்க வேண்டும்?

ஓய்வுபெற்ற தாதி, உரும்பிராய்:
தங்கச்சி, கையில் பார்ப்பது இடப்பக்கம் தள்ளும் இரத்தத்தின் அழுத்தம். வலப்பக்கம் நுரையீரலுக்கு மட்டுமே அனுப்பும். அங்கே சராசரி 14 அளவுதான், 20ஐத் தாண்டினாலே கூடுதல். அதனால் வலப்பக்கச் சுவரும் மெல்லியது.

புகையால் பழுதான நுரையீரலில் ஒட்சிசன் குறையும் இடத்தில் இரத்தக் குழாய்கள் சுருங்கும். வருடக்கணக்கில் அப்படியே இருந்தால் தடித்துப் போகும். அதற்குள் தள்ளித் தள்ளி வலக் கீழறை முதலில் தடிக்கும், அப்புறம் ஏலாமல் விரியும். விரிந்தால் வால்வு சரியாக மூடாது. இரத்தம் பின்னுக்குக் கசிந்து தேங்கும். கால் வீக்கம் அதுதான். ஈரலும் வீங்கும். வார்டில் பலர் களைப்பைச் சொல்லமாட்டார்கள், "ரெண்டு வாய் சாப்பிடவே வயிறு முட்டுது" என்பார்கள். அம்மாவிடம் அதையும் கேளுங்கள்.

வடமராட்சியான்:
என் மனைவிக்கும் எக்கோவில் இதையேதான் சொன்னார்கள். ஆனால் காரணம் வேறு: சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இடப்பக்க வால்வு ஒடுங்கியிருந்தது. அதைப் பலூனால் விரித்த பிறகு நுரையீரல் அழுத்தமும் இறங்கியது. காரணத்தைக் கட்டாயம் கேளுங்கள்.

கொடிகாமம் மகள்:
நன்றி அண்ணை. அக்கா, அடுப்பை மாற்றினால் இருதயம் பழையபடி வருமா?

ஓய்வுபெற்ற தாதி, உரும்பிராய்:
தடித்த குழாய் முழுதாகத் திரும்பாது. ஆனாலும் மாற்றுங்கள், இன்றைக்கே. புகை நின்றால் மேலும் கெடுவது மெதுவாகும். அடுத்த கிளினிக்கில் ஒட்சிசன் அளவைக் கேளுங்கள். எப்போதும் குறைவாகவே இருந்தால் வீட்டில் நாளுக்கு 15 மணித்தியாலமாவது ஒட்சிசன் கொடுக்கச் சொல்வார்கள். நீர்க் குளிசை (தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) தந்திருந்தால் நிறுத்த வேண்டாம். கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய் எல்லாம் உப்பு, குறையுங்கள். காலையில் நிறை பாருங்கள்; சில நாளிலேயே இரண்டு கிலோ ஏறினால் கிளினிக் திகதி வரைக்கும் பொறுக்க வேண்டாம். மயங்கி விழுந்தால் உடனே கொண்டு போங்கள். இன்னொருவருக்குக் கொடுத்த குழாய் விரிக்கும் குளிசையை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அம்மாவின் மாதிரி வருத்தத்தில் அது ஒட்சிசனை இன்னும் இறக்கிவிடலாம்.