மாற்று கைரோ கருவி: எதைப் பொருத்துவது?

குழுவில் உள்ள விமானிகளுக்கும் பராமரிப்புப் பொறியாளர்களுக்கும் வணக்கம். நானும் என் சித்தப்பாவும் பழைய செஸ்னா 172 விமானம் ஒன்றைச் சேலம் காமலாபுரத்திலிருந்து ஓட்டி வருகிறோம். சென்ற ஐப்பசியில், சேர்வராயன் மலையை மேகம் மூடியிருந்த வேளையில், விமானத்தின் சாய்வைக் காட்டும் கைரோவை (சுழலும் சக்கரம் கொண்ட கருவியை) காற்றை உறிஞ்சிச் சுழல வைக்கும் எங்கள் வேக்குவம் பம்ப் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. பம்ப் நின்றாலும் கைரோ உடனே நிற்பதில்லை. வேகம் குறையக் குறைய மெல்லச் சாய்ந்து பொய் காட்டும் என்பதும், அதை நம்புகிற விமானி நேராகப் பறக்கும் விமானத்தைத் தானே சாய்த்துவிடக்கூடும் என்பதும்தான் இதில் உள்ள பேராபத்து. நல்ல வேளையாக, அந்தப் பம்பின் உறிஞ்சழுத்த மானி, இயல்பான அளவின் கீழ் எல்லையான 4.5 அங்குலப் பாதரசத்துக்குக் கீழே இறங்கியதைச் சித்தப்பா கவனித்தார். தெற்கே வானம் தெளிவாக இருந்ததால், விமானம் திரும்புவதைக் காட்டும், மின்சாரத்தில் இயங்கும் டர்ன் கோஆர்டினேட்டரின் துணையோடு திரும்பி வந்தோம்.

இப்போது தனி மின்கலம் கொண்ட மாற்றுக் கருவி ஒன்றைப் பொருத்த விரும்புகிறோம். மின்மோட்டாரால் சுழலும் கைரோவா, கார்மின் ஜி5 போன்ற மின்னணுக் கருவியா என்பதே கேள்வி. பின்னதில் தேய்வதற்குத் தாங்கிகள் (பேரிங்) இல்லை. மின்சாரம் போனாலும் அதன் மின்கலம் 4 மணி நேரம் வரை தாங்கும் என்பதால் என் மனம் அதன் பக்கமே சாய்கிறது. ஆயினும், சித்திரை வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் விமானத்தில் அந்த மின்கலம் எத்தனை ஆண்டு உழைக்கிறது? பொருத்துவதற்கு டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) ஒப்புதல் பெற்றவர்கள் எந்த ஆவணங்களைச் சமர்ப்பித்தீர்கள்? அனுபவமுள்ளவர்கள் அன்புகூர்ந்து விரிவாக எழுதுங்கள்.